தைலமரத்துக்கு ஒரு நற்சான்று

உலகத்தில் நீதி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வழங்கப்பட்ட இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் அலுவலகத்தின் 'புல்தரை விசாரணைக் குழு'தான். அதற்குக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்.

அலுவலக வாசலுக்கு நேரே ஒரு தைலமரம். எங்கள் இயக்குநர் பதினைந்து வருடத்துக்கு முன் தம் கையால் நட்டது. அதன் அடியில் ஐந்து தடவை புல் பதித்தாயிற்று. ஐந்து தடவையும் ஒரு மாதத்தில் தென்னந்துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

தோட்டக்காரர் பத்து வருடமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகி, இயக்குநர் மேஜையில் கிடந்தது. ஆண்டு விழாவுக்குள் மரத்தடி பச்சையானால் கையெழுத்து. ஆகாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

விழா நெருங்கியும் ஆகவில்லை. மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், குத்தம் மரத்து மேல. அதோட எல உதுந்து மக்கும்போது ஒரு சாறு மண்ணுல எறங்குது. பக்கத்துல எதையும் தலையெடுக்க விடாது."

இயக்குநர் நட்ட மரத்தின் மேலேயே புகார்! அன்று மாலையே குழு அமைந்தது. தலைவர், இயக்குநர். உறுப்பினர்கள், எஞ்சினியரும் ஸ்டோர்ஸ் மேடமும்.

அடுத்த வாரம் விசாரணைக்குத் தோட்டக்காரர் இரண்டு தட்டுகளோடு வந்தார். ஒரே மண், தட்டுக்கு ஐம்பது கடுகு. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்கு இலை ஊறிய தண்ணீர். ஒரு வாரம் ஊற்றியிருந்தார். முளைகளை நானே எண்ணினேன். முதல் தட்டில் நாற்பத்தாறு. இரண்டாவதில் மூன்று.

எஞ்சினியர் இரண்டாவது தட்டை மோந்து பார்த்தார். "ஆகா, மூக்கடைப்பே விட்டுப்போச்சு! இது எப்படிப்பா கெடுதல் பண்ணும்?"

"மனுஷனுக்கு இல்ல சார், முளைக்கிற வெதைக்கு."

ஸ்டோர்ஸ் மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். "ரெண்டும் ஒரே கடுகுதானே? ஒண்ணுக்கு நல்ல தண்ணி, ஒண்ணுக்கு எலத் தண்ணி. ஏன் இந்த ஓரவஞ்சனை?"

"வித்தியாசம் தெரியணும்னுதான் மேடம் அப்படி ஊத்துனேன்."

"அப்ப வேணும்னே பண்ணியிருக்கீங்க. இத எழுதிக்கோங்க," என்றார் என்னிடம். எழுதிக்கொண்டேன்.

"மரத்த வெட்டச் சொல்லல சார்," என்றார் தோட்டக்காரர். "புல்ல ஒரு இருபதடி தள்ளிப் போட விடுங்க. விழாவுக்குள்ள பச்சையாக்கிக் காட்டுறேன்."

"தள்ளிப் போட்டா மரம் தப்பு பண்ணுச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?" என்றார் எஞ்சினியர்.

இயக்குநர் குரல் தழுதழுத்தது. "பாருங்க, மரத்தால வாய் தெறந்து பேச முடியாது. பேச முடியாதவங்க மேல பழி போடுறது நம்ம ஆபீஸ் பண்பாடே இல்ல."

பதில் சொல்ல வாயெடுத்த தோட்டக்காரரை எஞ்சினியர் கையமர்த்தினார்.

மிச்சம் இருந்தது அறிக்கைப் படிவம். அதில் 'முளைக்காததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். என் பேனா அங்கே நின்றது.

"அண்ணே, நீங்கதான எண்ணுனீங்க," என்றார் தோட்டக்காரர். "நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்கண்ணே."

நான் நடுநிலை தவறாதவன். எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. நாற்பத்தாறு, மூன்று என்று அப்படியே எழுதினேன். காரணத்துக்கு மட்டும் இயக்குநர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு, 'தோட்டக்காரர்' என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன்.

உத்தரவு கிழிந்தது. மரத்துக்குப் 'பதினைந்தாண்டு மாசற்ற சேவை' என்று பித்தளைத் தகடு அடித்தார்கள். அதே வாரம் நான் கண்காணிப்பாளர் ஆனேன். தனி அறை, சுழல் நாற்காலி.

கருவி அறைச் சாவியை ஒப்படைக்கத் தோட்டக்காரர் என் அறைக்குத்தான் வர வேண்டியிருந்தது. சாவியை மேஜையில் வைத்தார். நாற்காலியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த மரத்துப் பக்கத்துல எதுவும் வளராதுன்னு சொன்னேன்ல? அது தப்புண்ணே," என்றார். "நீங்க நல்லாத்தான் வளந்திருக்கீங்க."