கோவிந்தப்பனின் பலாமர முகம்

தன் முகத்துக்குத் தானே திருத்தம் சொல்லும் ஓர் இனம் உண்டு. கண்ணாடிக்கு ஒரு முகம், ஊருக்கு ஒரு முகம் வைத்திருப்பார்கள். இதை எழுதுகிறவனும் அந்த இனத்தான்தான். ஆனாலும் பேரிகை ஊர்க் கோவிந்தப்பன் முன்னால் நானெல்லாம் தூசு.

பள்ளிக்கூடம் கட்ட அரை ஏக்கர் கொடுத்தவர். கொடுத்தவர் முகம் வாசலில் இருக்க வேண்டாமா? ஐம்பத்தாறாம் வருஷத் திறப்பு விழாவுக்கு, ஜவளகிரி மரச்சிற்பி திம்மராயனை வரவழைத்து, பலா மரத்தில், சாயம் பூசாமல், தன் முகத்தைச் செதுக்கச் சொன்னார். திம்மராயன் மூக்கைப் பெரிதாக விட்டுத்தான் தொடங்குவார். மரத்தைச் சீவலாம், திரும்ப ஒட்ட முடியாது. பாதி வேலையில் வந்து பார்த்தார் கோவிந்தப்பன்.

"ஏம்பா, இவ்ளோ பெரிய மூக்கா எனக்கு?"

"இன்னும் எறக்கணும் சாமி. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தாரா? தினமும் வந்து நின்று, மூக்கைச் சீவச் சொன்னார், தாடையைச் சதுரமாக்கச் சொன்னார், காதைத் தலையோடு ஒட்டச் சொன்னார், வெயிலில் உழைத்துச் சேர்த்த நெற்றிச் சுருக்கத்தையும் இழைத்துத் தள்ளச் சொன்னார்.

"வேற யாரோ மாதிரி தெரியுது சாமி."

"இப்பதான்பா என்னை மாதிரி இருக்குது!"

விழாவில் துணியை விலக்கினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அட, நம்ம முனிவேலு!"

வரப்புத் தகராறில் பத்து வருஷமாகக் கோவிந்தப்பனோடு கோர்ட்டு ஏறும் பங்காளிதான் முனிவேல். சின்ன மூக்கு, சதுரத் தாடை, ஒட்டிய காது. முனிவேல் கண்கலங்க மேடையேறிக் கோவிந்தப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உன் எடத்துல என் மொகத்த வெச்சிட்டியே! உன் மனசு தெரியாம கேசு போட்டுட்டனே!"

மறுக்கலாம். மறுத்தால், இத்தனை நாளும் தான் ஆசைப்பட்ட முகம் யாருடையது என்று ஊருக்கே சொல்ல வேண்டும். கோவிந்தப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உனக்கு இல்லாததா தம்பி!" என்றார்.

அந்த வாரமே வழக்கு வாபஸ். பள்ளி வாசலில் இன்றும் மாலை விழுவது முனிவேலுக்குத்தான்.

சிரிக்கிறீர்களா? கல்யாணப் படத்தில் கன்னத்தைக் கொஞ்சம் சரிசெய்யும்படி ஸ்டூடியோக்காரர் காதில் கிசுகிசுத்தீர்களே, அப்போது யாருடைய கன்னத்தை நினைத்துக்கொண்டீர்கள்? நான் நினைத்தது என் மைத்துனன் கன்னத்தை. நீங்கள்?