பெஞ்சிலிருந்து ஒரு டேக் ஆஃப்

மரியாதை தெரிந்த மனிதர்கள் நடுவில்தான் நான் பலமாக விழுந்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு வயதில், கோவையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் டெமோ வகுப்பு எடுக்கப் போனேன். தேறினால் வேலை. தேறாவிட்டால் மதுக்கரையில் அண்ணனின் செல்போன் கடையில் ஸ்கிரீன்கார்டு ஒட்டியே கிழவியாகிவிடுவேன். (அண்ணன் ஸ்டூல்கூட எடுத்து வைத்துவிட்டார்.)

பாடம், 'டேக் ஆஃப்'. என்ன சொல் அது! செருப்பைக் கழற்றினாலும் அதுதான், விமானம் வானத்தில் ஏறினாலும் அதுதான். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போவது, லீவு போடுவது, அடுத்தவரைப் போல நடித்துக் காட்டுவது, வியாபாரம் சூடுபிடிப்பது... ஒரு வாரம் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் ஒன்பதாவது அர்த்தத்தில் இருந்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க மிஸ்." பன்னிரண்டு தலைகளும் காற்றில் சோளக்காடு மாதிரி ஆடும். நான் மிதந்தேன்.

மையத்தை நடத்தும் மேடம் சோதிக்க வருவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது. முன்பெஞ்ச் சலீமாக்காவிடம் (உக்கடத்தில் தையல்கடை வைத்திருப்பவர்) ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

"நீங்க ரொம்ப நல்லாச் சொன்னீங்க மிஸ்."

"சரிங்க, வாக்கியம்?"

"அதுதானுங்க வரல."

"புரிஞ்சுதுன்னீங்களே?"

"இத்தன பாடுபடறீங்க. புரியலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

மற்ற பதினொரு தலைகளும் அதற்கும் ஆடின.

கண்முன்னே அண்ணன் கடை ஸ்டூல். செருப்பைக் கழற்றி எறிந்தேன். "டேக் ஆஃப், ஒண்ணு!" சலீமாக்காவும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்த பெஞ்சில், அதன் கட்டைக்காலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த காலி ஓரத்தில் ஏறி, இரண்டு கைகளையும் விரித்தேன். முந்தானை பறக்க, நானே விமானம். "டேக் ஆஃப், ரெண்டு!"

கதவு திறந்தது. மேடம்.

"வாங்க மேடம்!" என்று பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். என் பெஞ்சின் மூவரும்தான்.

(அந்த மூவரின் எடை என் வாழ்வுக்கு எவ்வளவு அவசியம் என்று அந்த நொடியில் அறிந்தேன்.) பெஞ்சின் மறுமுனை கூரையைப் பார்க்க, நான் போர்டு ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தபடி மேடத்தின் காலடியில் தரையிறங்கினேன்.

"என்னங்க நடக்குது இங்க?"

சலீமாக்கா பதறவில்லை. "மிஸ் டேக் ஆஃப் ஆனாங்க மேடம்."

"செருப்பும் டேக் ஆஃப்ங்க!" என்றது பின்பெஞ்ச்.

"நாளைக்கு மிஸ் லீவு. அதுவும் டேக் ஆஃப்தானுங்களே?"

"எங்க கடையும் இந்த ரம்ஜானுக்கு டேக் ஆஃப் ஆகோணுங்க," என்றார் சலீமாக்கா, என்னைத் தூக்கிவிட்டபடி.

ஒரு வாரமாக என் வாயில் அடைந்து கிடந்த சொல், ஒவ்வொரு வாயிலிருந்தும் சிறகடித்துக் கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. "திங்கக்கெழமை வந்துருங்க. அதுக்குள்ள பெஞ்சுக்கு ஆணி அடிச்சுப்போடறேன்," என்றார்.

இன்றும் பரணிலிருந்து எதையாவது எடுக்க நான் ஸ்டூலில் ஏறினால், என் கணவர் அவசரமாக உட்கார்ந்துகொள்வார். "நான் எந்திரிக்கலீங்க அம்மணி, நீங்க பாத்து எறங்குங்க."

போன மாதம் சலீமாக்கா போன் செய்தார். இரண்டாவது கடை திறக்கிறாராம்.

"கடை டேக் ஆஃப் ஆயிருச்சுங்க மிஸ். கட்டாயம் வரோணும். உங்களுக்குன்னு தனியா சேர் போட்டிருக்கேன். யாரு எந்திரிச்சாலும் சாயாதுங்க!"