மீட்டர் முசியேவும் கறுப்பு ஸ்பாஞ்சும்

முத்தியால்பேட்டையில் அவர் அமுக்கிப் பார்க்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பேக்கரி பன், என் ஸ்கூட்டர் சீட்டு, தூங்குகிற நாய் எதுவும் தப்பவில்லை. சட்டைப் பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன 'ஐயா'தான் எங்கள் புதுச்சேரியில் முசியே; அதனால் அவர் மீட்டர் முசியே.

தட்டாஞ்சாவடியில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி. சர்க்யூட் உதிரிகள் வரும் பெட்டியில் கறுப்பு ஸ்பாஞ்சு கிடக்கும். ஒருநாள் அதில் மீட்டரின் இரண்டு ஒயரையும் செருகி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உள்ள கரித்தூளு. அமுக்குனா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், கரண்டு சுளுவா போவும். வுட்டா வெலகிக்கும், கரண்டு தெணறும். நம்பரப் பாரு!"

மறுநாள் அந்த ஸ்பாஞ்சு மேனேஜரின் நாற்காலி மெத்தைக்கு அடியில் போனது. அவர் எழுந்தால் எங்கள் பக்கம் சிவப்பு பல்பு எரியும். ஒரு வாரம் கம்பெனியே நிம்மதியாக டீ குடித்தது. எட்டாம் நாள் மேனேஜர் ஒயரைக் கண்டுபிடித்தார். முசியேவைக் குடோனுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே போய் மூட்டைகளை அமுக்கினார்.

அப்போதுதான் என் அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். தனியாக எழுந்து விழுந்தால் இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கேட்கிற ஆளா? இரண்டு தடவை சுவரைப் பிடித்துத் தப்பினார்.

விஷயம் காதில் விழுந்ததும் முசியே ஓடி வந்து, அப்பா மெத்தைக்கு அடியில் ஸ்பாஞ்சும் சமையலறையில் மணியும் வைத்தார். எழுந்தால் மணி அடிக்கும். மூன்றாம் நாள் மணியே அடிக்கவில்லை. அப்பா வாசலில் நிற்கிறார்! பால்காரரைத் தாஜா பண்ணி, கட்டிலில் அரிசி மூட்டையைக் கிடத்தியிருந்தார்.

"அரிசி மூச்சு வுடாது நைனா. மனுசன் படுத்தா நம்பர் ஆடிக்கினே இருக்கும்" என்றார் முசியே அப்பாவிடம். நம்பர் ஆடாமல் நின்றாலும் மணி அடிக்கும்படி அன்றே மாற்றிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த முசியே எங்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஓடினோம். அப்பா கட்டிலில்தான் இருந்தார். வாய் திறந்திருந்தது, அசைவில்லை. முசியே பாய்ந்து, "நைனா! நைனா!" என்று இரண்டு கையாலும் மார்பை அமுக்கினார்.

அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "என்னாடா, பரோட்டா மாவா பெசையற?"

கட்டிலுக்கு அடியில் ஒயர் கழன்று கிடந்தது. முசியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாளிலிருந்து அப்பா எழுந்திருக்கும்முன் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"நான் வுழுந்தா எழுந்துக்குவேன்டா. அவன் தாங்கமாட்டான்" என்றார்.