மூணு நிமிஷம் அக்காவும் கோட்டைக்குப் பின்னால் இருந்த சேறும்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை இடுப்பு வரை சேற்றில் இறங்கினார்.
2. அவருடைய தாயார் குடையைக் கீழே போட்டுவிட்டு, நினைவுக்கு வந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
3. மூணு நிமிஷம் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றுவரை அதிர்ச்சி.

பெங்களூரில் அக்காவால் பேச்சு வெட்டப்படாத மனிதர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் ட்ரங்க் கால் போர்டுக்கு அவர் சூப்பர்வைசர். பெரிய அதிகாரியானாலும், சென்னையில் இருக்கும் மகளிடம் அழும் தாயானாலும், மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் நுழைந்துவிடுவார். “மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ஷன் வேணுமா?” பதில் வரத் தாமதமானால் பிளக்கை உருவிவிடுவார். பாலிடெக்னிக் முடித்த நான் அந்த போர்டுகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். அக்கா உட்காரும் இடத்தில்தான் அடிக்கடி வயர் பிய்ந்தது.

வேலைப் பழக்கம் எக்ஸ்சேஞ்சோடு நிற்கவில்லை. எங்கள் பெண்கள் விடுதியில் சமையல்காரம்மா தன் மூட்டுவலியைச் சொல்லி முடித்ததே இல்லை. ஒருமுறை கோயிலில் பிரசங்கம் நீண்டபோது அக்கா முன்வரிசையில் எழுந்து நின்றார். பாதிரியார் அந்த வாக்கியத்தோடு ஆமென் சொல்லிவிட்டார்.

என் அறைத்தோழி ஸ்டெல்லா, அக்காவின் போர்டில் ஆபரேட்டர். திருச்சியிலிருந்த அவளுடைய அண்ணன் கோலார் தங்கவயலில் ஒரு வரன் பார்த்திருந்தார். பையன் நல்லவன்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவன் தாயார் சொல்லி அனுப்பியிருந்தார். அது அவனுடைய எண்ணமும்தானா என்று அவன் வாயால் கேட்காமல் சம்மதிக்கமாட்டேன் என்று ஸ்டெல்லா உறுதியாக இருந்தாள்.

விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை. ஓட்டலில் பெண் பார்ப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறுதோறும் எங்களை எங்காவது ஊருக்கு வெளியே நடக்க அழைத்துப்போவார். அந்த வாரம் தேவனஹள்ளிக் கோட்டை. மாப்பிள்ளை வீட்டாரையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார்.

தாயும் மகனும் வந்தார்கள். கோட்டை மதிலை ஒட்டி எல்லோரும் நடந்தோம். அந்த அம்மா தன் குடும்பத்தின் பெருமையைத் தொடங்கி இரண்டாவது கொத்தளத்தை நெருங்கியபோது அக்கா குறுக்கிட்டார். “மூணு நிமிஷம் ஆச்சும்மா.”

“என்ன ஆச்சு?” என்றார் அவர். அக்கா அடுத்த கொத்தளத்தை நோக்கி நடந்தார். அந்த அம்மா மகனிடம் திரும்பி, “யாருடா இவங்க, பொண்ணுக்கு என்ன வேணும்?” என்று கேட்டது எனக்கே கேட்டது.

கோட்டைக்குப் பின்னால் ஏரியை ஒட்டிய சதுப்பு. கோரை மண்டி, மேலே புல் மூடி, பார்த்தால் நல்ல தரைபோலவே இருந்தது. பையனும் பெண்ணும் தனியாகப் பேசவேண்டும், ஆனால் தூரமும் வேண்டும் என்றார் அக்கா. ஸ்டெல்லாவை இந்தக் கரையிலும், மாப்பிள்ளையைச் சுற்றிப்போகச் சொல்லி அந்தக் கரையிலும் நிறுத்தினார். நானும் தாயாரும் புளியமரத்தடியில். அக்கா இரண்டு கரைக்கும் நடுவே சதுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு கல்லில் ஏறி, “லைன் குடுத்தாச்சு. நான் கேக்கமாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் கத்தியது கோட்டை முழுவதும் கேட்டது.

“நல்லாருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க?”

“இருக்கேன். பஸ்ல கூட்டமா?”

எல்லா ட்ரங்க் காலும் இப்படித்தான் வீணாகும். கடைசியில் ஸ்டெல்லாதான் கேட்டாள். “கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போவேன். உங்களுக்கு என்ன தோணுது?”

மாப்பிள்ளை புளியமரத்தடியைப் பார்த்தார். தாயார் தலையை இடவலமாக ஆட்டினார். “ஸ்டெல்லா, நான் என்ன நெனைக்கிறேன்னா...”

“மூணு நிமிஷம் ஆச்சு” என்றார் அக்கா, கையை நீட்டிப் பிளக்கை உருவுவதுபோல.

ஸ்டெல்லா பயிற்சி பெற்ற ஆபரேட்டர். லைன் வெட்டப்பட்டதும் திரும்பி நடந்தாள். பதில் போய்ச் சேரவில்லையே என்ற பதற்றத்தில் அவர் மிகக் குறுகிய வழியில் அவளை நோக்கி ஓடிவந்தார். புல் பிளந்தது. மேலே எழுதிய மூன்றும் அப்போது நடந்தவை.

கடிகாரத்தைப் பார்த்த அக்கா, சேற்றில் நின்றவரிடம் நிதானமாகக் கேட்டார். “எக்ஸ்டென்ஷன் வேணுமா?”

“வேணும்” என்றார் அவர்.

“முதல்ல என் புள்ளைய வெளிய எடுங்க” என்றார் தாயார்.

“லைன்ல ஆள் இருக்காங்க. குறுக்க பேசாதீங்கம்மா.”

ஸ்டெல்லா திரும்பி வந்து நின்றாள். நெஞ்சை நோக்கி ஏறிக்கொண்டிருந்த சேற்றிலிருந்து அவர் சொன்னார். “நீ வேலைய விடவேணாம். அம்மா, உனக்கும் கேட்டுச்சா?”

கேட்டது. எருமை மேய்த்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அவர் கயிற்றோடு வந்து கரையில் நின்றார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் தடுக்குமுன் தானே சேற்றில் இறங்கிக் கயிற்றை மாப்பிள்ளையின் மார்பைச் சுற்றிக் கட்டினார். இருவரையும் வெளியே இழுத்தபோது அக்காவின் செருப்பு இரண்டும் உள்ளேயே போயிருந்தன. கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, பெங்களூர் வரும்வரை அக்கா யார் பேச்சையும் வெட்டவில்லை. தாயார் பஸ்ஸில் வழி முழுவதும் பேசினார்.

இப்போதைய நிலவரம்: ஸ்டெல்லா அதே போர்டில் வேலை பார்க்கிறாள். விடிகாலை தங்கவயல் ரயிலுக்கு முன் மாமியார்தான் அவளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறார். கடிகாரத்தை சிவாஜிநகரில் கொடுத்துச் சரிசெய்தாகிவிட்டது. நான் மாற்றலாகி மைசூரில் இருக்கிறேன். சில ஞாயிறுகளில் விடுதிக்கு ட்ரங்க் கால் போட்டு அக்காவைக் கூப்பிடுகிறேன். மூன்று நிமிடம் நெருங்கும்போது, தன் பேச்சையே பாதியில் வெட்டி, எக்ஸ்டென்ஷன் வேணுமா என்று கேட்கிறார்.

வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.