என் கோபம் ஈசல் அல்ல

கடப்பேரி,
மேற்குத் தாம்பரம்,
18.11.1992

வார இதழ் ஆசிரியர் ஐயாவுக்குக் கடப்பேரி அம்மணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே மழை, மூட்டு வலி, மற்றபடி சுகம். அங்கே உங்கள் பெண்டு பிள்ளைகள் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

சமாச்சாரம் என்னவென்றால், போன இதழில் ‘வாரம் ஒரு ஆங்கிலச் சொல்’ பகுதியில் எபிமெரல் என்று ஒன்றைப் போட்டு, சீக்கிரம் மறைந்துபோவது என்று அர்த்தம் எழுதி, உதாரணத்துக்கு, ‘ஈசலின் ஆயுள் எபிமெரல், மாமியாரின் கோபமும் எபிமெரல்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் எந்த வருஷம் யார் என்ன செய்தார்கள் என்பதை மறந்தவள் அல்ல. என் மருமகள் ஞானஜோதி அதைக் கத்தரித்து அரிசி டிரம்மில் ஒட்டிவிட்டாள். நான் முகத்தைத் திருப்பினால் போதும், “இன்னா அத்தே, எபிமெரலா?” என்கிறாள். என் மகன் தேவானந்தம், பெற்ற பிள்ளை, “புக்குலயே போட்டுக்கீறாங்க, நீ இன்னாம்மா” என்று சிரிக்கிறான்.

ஐயா, என் கோபத்துக்கு வயது ஒன்பது. 1983 செப்டம்பரில் நான் வேளாங்கண்ணி போயிருந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் சவுரிமுத்து இருபத்தாறு வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குச் சோறு கொண்டுபோன நாலடுக்குப் பித்தளைக் கேரியரை, அவர் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்த ஞானஜோதி பழைய பாத்திரக்காரனிடம் போட்டுப் பச்சை பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டாள். கேட்டதற்கு, “அது ஓட்டைப் பாத்திரம் அத்தே” என்றாள். அன்றிலிருந்து அவள் பிடித்து வைக்கும் தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை, எனக்குத் தனிப் பானை. குடம் எட்டே மாதத்தில் விரிசல் விட்டது. உதாரணம் வேண்டுமானால் அதைப் போட்டிருக்கலாமே. இன்னும் வேண்டுமானால் எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர் இருக்கிறது, மழை நாளில் கரண்ட் இருக்கிறது, தாம்பரத்தில் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்கிற நேரம் இருக்கிறது. சிட்லபாக்கத்தில் டியூஷன் எடுக்கும் சுந்தரராமன் சாரிடம் இந்த மழையில் நடந்துபோய்க் கேட்டேன். “அர்த்தம் சரிதாம்மா, உதாரணம் வீட்டுக்கு வீடு மாறும்” என்றார். ஆகையால் வருகிற இதழில் ‘கடப்பேரி அம்மணியின் கோபம் இதில் சேராது’ என்று கட்டம் கட்டிப் போடவும். கேரியரைப் போட்டது தப்பு என்று ஒன்பது வருஷமாக யாரும் சொல்லவில்லை. இந்தக் கோபமும் போய்விட்டால், அந்த மனுஷர் இந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு வேறு என்ன மிச்சம்?

உங்களுக்கும் அச்சுக் கோர்ப்பவர்களுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
சவுரிமுத்து மனைவி அம்மணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஞானஜோதி இதைப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமாவுக்கு அதுல இன்னா கட்டிக் குடுப்பீங்க அத்தே?” என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. மேலடுக்கு ஊறுகாயில் ஆரம்பித்து நாலாவது அடுக்குக்கு வருவதற்குள் அடுப்பில் குழம்பு தீய்ந்துவிட்டது. “தப்புதான் அத்தே” என்றாள். கோபத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. கட்டம் வேண்டாம். இது வெளியே தெரியவும் வேண்டாம், தேவானந்தம் உங்கள் இதழை வாராவாரம் வாங்குகிறான்.