எய்னார் கனிவுடன் மறுக்கிறார்

காதில் வசவாக நுழைந்ததை வாய்வழியே வாழ்த்தாக வெளியே விடும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. எங்கும் தென்படும் இனம்தான் என்றாலும், அது நன்றாகக் கொழுத்து வளர்வது வீட்டுத் தரகர்களுக்கிடையே. விற்பவருக்கு ஒரு தரகர், வாங்குபவருக்கு ஒரு தரகர். விற்பவரும் வாங்குபவரும் மட்டும் ஒருவரோடொருவர் பேசிவிடக் கூடாது. பேசினால் காரியம் கெட்டுவிடுமாம்!

அமெரிக்காவின் வடக்கே பனி கொட்டும் எங்கள் துலூத் நகரத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி மார்லிஸ் ஹாகன் அம்மையார்தான். இருபத்தோரு வருட அனுபவம். எதிராளி எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் "ஆர்வத்துக்கு நன்றி" என்பார், தன் கட்சிக்காரர் தொலைபேசியைச் சுவரில் எறிந்தால் "யோசித்துக்கொண்டிருக்கிறார்" என்பார், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால், "எதுக்கும் ஒரு தொழில் நாகரிகம் இருக்கில்ல?" என்று தலையைச் சாய்த்துக் கேட்பார்.

போன அக்டோபரில் அவர் கைக்கு வந்தது எய்னார் டோலஃப்சனின் வீடு. எய்னார் கப்பல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. மாதக் கடைசியில் பாலைவன அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவதாக விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. வாங்க வந்தவர்கள் பஸ் ஓட்டும் ரூடி பாவ்லிச்சும் அவன் மனைவி டெஸ்ஸும். டெஸ்ஸுக்கு ஏழாம் மாதம். அதே மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவர்கள் தரகர் கார்டன் கெஸல். அவரும் அதே இனம், ஆண்பால்.

விலை இரண்டே நாளில் படிந்துவிட்டது. பேரம் மாட்டிக்கொண்டது எதில் தெரியுமா? கொட்டகையில் நின்ற, பனியை வாரி இறைக்கும் ஒரு பழைய இயந்திரத்தில்.

வீட்டோடு அதையும் ரூடி கேட்டான். மார்லிஸ் எய்னாரிடம் சொன்னார்.

"என் மெஷின் மேல கை வெச்சா கையை ஒடிச்சுருவேன்னு அந்தப் பயகிட்ட சொல்லு!" என்றார் எய்னார்.

மார்லிஸ் கார்டனை அழைத்தார். "என் கட்சிக்காரருக்கு அந்த இயந்திரத்தின் மேல ஒரு தனிப் பாசம் இருக்கு, கார்டன். கனிவோட மறுக்கிறார்."

கார்டன் அதை இன்னும் கொஞ்சம் இழைத்து ரூடியிடம் கொடுத்தார். "பெரியவர் நெகிழ்ந்து போயிருக்கார்."

நெகிழ்ந்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளினால் விழுந்துவிடுவார் என்று ரூடி நினைத்தான். நினைக்க மாட்டானா? "மெஷின் இல்லேன்னா வீடும் வேண்டாம். அதையே கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்லுங்க!" என்றான். அது எய்னாரிடம் போய்ச் சேரும்போது, "அவங்க உங்க உணர்வை மதிக்கிறாங்க" என்று ஆகியிருந்தது. மதிக்கிற ஆள் எப்படியும் இறங்கி வருவான் என்று எய்னாரும் விறைத்துக்கொண்டார். இப்படியே ஒன்பது நாள். இரண்டு தரகர்களும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார்கள். வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பத்தாம் நாள் காலை, வீட்டைச் சோதித்த அறிக்கையைக் கார்டனுக்கு அனுப்பப் போன மார்லிஸ், கை தவறி, எய்னார் தனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவை அனுப்பிவிட்டார். கார்டன் அப்போது ரூடியையும் டெஸ்ஸையும் வேறொரு வீடு காட்டக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். மார்லிஸ்தானே பேசியிருப்பார் என்று காரிலேயே சத்தமாகப் போட்டுவிட்டார்.

"மார்லிஸ்! என் பொணத்தைத் தாண்டித்தான் அந்த மெஷினை எடுக்கணும்னு பஸ்காரன்கிட்ட சொல்லு! அதை எங்க பிடிச்சு இழுத்தா ஓடும்னாவது அவனுக்குத் தெரியுமா? கேளு!"

கார்டன் தொண்டையைக் கனைத்தார். "அதாவது, அவர் என்ன சொல்ல வர்றார்னா..."

"நல்லாவே காதுல விழுந்துச்சு. நெகிழ்ந்து போனவர் இவர்தானா?" என்றான் ரூடி.

டெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வண்டியை அவர் வீட்டுக்குத் திருப்புங்க!"

கார்டன் தகவல் சொன்னதும் மார்லிஸ் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வீட்டு முன்னால் எய்னாரும் ரூடியும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தோரு வருடத்தில் அவர் காணக் கூடாது என்று காத்துவந்த காட்சி அது.

"அரிசோனாவுல எதைத் தள்ளப் போறீங்க பெரியவரே, மணலையா?"

"மணலைத் தள்ளுவேன், உன்னையும் சேத்துத் தள்ளுவேன்டா!"

"முதல்ல அது ஓடுமா? துருப்பிடிச்ச தகரம் மாதிரி இருக்கு."

அது தைத்தது. எய்னார் கொட்டகையிலிருந்து இயந்திரத்தை வெளியே உருட்டி வந்து, அதைக் கிளப்பும் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். இயந்திரம் தெருவே அதிர உறுமியது. "அட!" என்று ரூடி வாய்விட்டுச் சொன்னான்.

"காலை முன்னால வைக்காத, மடையா! இப்படிப் பிடி."

"ஐயா, எதுக்கும் ஒரு தொழில்..." என்று தொடங்கினார் மார்லிஸ். உறுமலில் யார் காதிலும் விழவில்லை. அரை மணி நேரம் பாடம் நடந்தது. கடைசியில் எய்னார் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்க. ஆனா எண்ணெய் மாத்தலேன்னு கேள்விப்பட்டேன், பிளேன் ஏறி வந்து உதைப்பேன்."

"வாங்க. சூடா சூப் குடிச்சிட்டு உதைங்க."

கையெழுத்து அன்றே முடிந்தது. மார்லிஸ் காரில் உட்கார்ந்து எல்லாருக்கும் கடிதம் எழுதினார்: 'கனிவான கலந்தாலோசனைக்குப் பிறகு இரு தரப்பும் உடன்பட்டன.' 'உங்கள் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி' என்று கார்டன் பதில் போட்டார். இருவரும் அதை மனதார நம்பினார்கள் என்பதுதான் விசேஷம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் மைத்துனர் காரை இரவல் கேட்டு வந்தாரே, அப்போது உள்ளேயிருந்து உங்கள் வீட்டம்மா சொன்னது என்ன? வாசலுக்கு வந்து, "அவளுக்கும் குடுக்க ஆசைதான் மாப்ளே, வண்டிதான் சர்வீஸ்ல இருக்கு" என்று நீங்கள் சொன்னது என்ன?

எங்கள் ஊருக்கு வாருங்கள். நல்ல வேலை வாங்கித் தருகிறேன்.