வெம்பக்கோட்டைத் தண்ணீர்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியைப் பூட்டியிருந்தார்கள். இந்த வருஷம் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பெத்தணன் முடிவு கட்டினான். வருஷம் முழுக்க வெடிமருந்து நெடியிலேயே கிடந்த மூக்கு. ஒரே ஒரு நாள் வெம்பக்கோட்டை அணைக்கரையில், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை. மாமியார் ஊரான மல்லாங்கிணறு போனால் மூட்டை தூக்கவேண்டும், ஓடு மாற்றவேண்டும், போதாதற்கு மச்சான் பேச்சைக் கேட்கவேண்டும்.

அவன் மனைவி வீரலட்சுமிக்கோ அணை என்றாலே குமட்டும்.

“அம்புட்டும் சேத்துத் தண்ணி. எங்க ஆத்தா வீட்டுக் கிணத்தப் பாருங்க, காசு விழுந்தாலும் அடியில தெரியும்.”

தெரியும்தான். வாயில் வைத்தால் உப்பு கரிக்கும். அணைத் தண்ணீர் பார்க்கத்தான் கலங்கல், குடித்தால் இனிப்பு. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அடுத்த தெரு ஜெயச்சந்திரன் வீடு வீடாகத் தண்ணீர் பில்டர் விற்பவன். உப்பை அளக்கும் மீட்டர் வைத்திருந்தான். இரண்டு தண்ணீரையும் அளப்போம், எதில் நம்பர் குறைவோ அந்த ஊருக்குப் போவோம் என்றான் பெத்தணன். அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் தாய்வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்தாள். அவன் அணைக்குப் போய் ஒரு பாட்டில் பிடித்தான். டீ நிறத்தில் இருந்தது. மீட்டரை முக்குமுன்பே இவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாளே என்று பயந்து, அதைக் கொட்டிவிட்டு, திருத்தங்கலில் கேன் தண்ணீர் வாங்கி நிரப்பினான். கேனை விறகுக்குப் பின்னால் ஒளித்தான். இரண்டு பாட்டிலிலும் ஊர்ப்பேர் எழுதி ஒட்டிவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனான்.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் வந்து மீட்டரை முக்கினான்.

“மல்லாங்கிணத்துத் தண்ணி அருமை. வெம்பக்கோட்டைத் தண்ணிய மாட்டுக்குக்கூடக் காட்டிராதீக அண்ணே.”

பெத்தணன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். மத்தியானமே அவன் ஒட்டிய லேபிள், பசை இன்னும் காயவில்லை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதுதான் வீரலட்சுமிக்கு வேலை என்பது அப்போதுதான் அவன் புத்தியில் உறைத்தது. வாயைத் திறந்தால் கேன் கதை வெளியே வரும். அந்தக் கலங்கல் தண்ணீரையே கொண்டுவந்திருந்தால் எந்த லேபிளும் அவளுக்கு உதவியிருக்காது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றாள்.

“விறகுக்குப் பின்னால இருக்க கேனையும் தூக்கிக்கோங்க. அங்கன கிணத்துத் தண்ணிய மனுசன் வாயில வைக்க முடியாது.”